இறங்காத கார்க் கண்ணாடி

கார்க் கதவுக்குள் ஒரு சிறிய மின்மோட்டார், அது இயக்கும் ஒரு ரெகுலேட்டர், அதில் பூட்டிய கண்ணாடி. பவர் விண்டோ என்பது அடிப்படையில் இவ்வளவுதான். பேட்டரியிலிருந்து கிளம்பும் 12 வோல்ட் மின்சாரம் ஃபியூஸ், ரிலே, ஓட்டுநர் கதவிலுள்ள மாஸ்டர் ஸ்விட்ச், அந்தந்தக் கதவின் தனி ஸ்விட்ச் என்று கடந்து மோட்டாரைச் சேர்கிறது. ஸ்விட்சை ஒரு பக்கம் அழுத்தினால் மோட்டாரின் ஒரு முனைக்கு மின்சாரமும் மறுமுனைக்கு எர்த்தும் கிடைக்கும். மறுபக்கம் அழுத்தினால் இரண்டும் இடம் மாறும். மோட்டார் திசை மாறிச் சுற்ற, கண்ணாடி ஏறும் அல்லது இறங்கும். பழுது எதுவானாலும் இந்தப் பாதையில் ஏதோ ஓர் இடத்தில்தான் இருக்கிறது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்காமல் எடுத்த எடுப்பில் மோட்டாரை மாற்றுவதால்தான் பணம் வீணாகிறது.

மும்பையின் வடாலா, இந்த அமைப்பைச் சோதித்துப் பார்க்கும் ஊர். கிழக்கே உப்பளங்களும் கழிமுகமும், தெற்கே சிவ்ரியின் சேற்றுநிலமும் அலையாத்திக் காடும், நடுவில் லாரிகள் நாளெல்லாம் புழுதி கிளப்பும் டிரக் டெர்மினல். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. அந்த மழை கண்ணாடியின் வெளிப்பக்கம் வழிந்து, பீடிங் ரப்பரைத் தாண்டி, கதவுக்குள் இறங்கத்தான் செய்யும். எல்லாக் கார்களும் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு துளைகள் வழியே தண்ணீர் வெளியேற வேண்டும். புழுதியும் காய்ந்த இலையும் அந்தத் துளைகளை அடைத்துவிட்டால் கதவின் அடியில் தண்ணீர் தேங்கும். கதவைச் சாத்தும்போது உள்ளே சளக்கென்று ஓசை கேட்கும். தேங்கிய தண்ணீரின் ஈரம் உப்புக் காற்றோடு சேர்ந்து கனெக்டர் பின்களைப் பச்சை பூக்க வைக்கிறது, மோட்டாரின் கார்பன் பிரஷ்களை ஒட்டவைக்கிறது, ரெகுலேட்டரின் எஃகுக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. மெல்லிய குச்சியாலோ கேபிள் டையின் நுனியாலோ அந்தத் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்ய ஐந்து நிமிடம் போதும். மழைக்காலத்துக்கு முன் செய்யக்கூடிய வேலைகளில் இதைவிடப் பயனுள்ளது வேறில்லை.

கண்ணாடி இறங்காதது இந்த ஊரில் வெறும் வசதிக் குறைவு அல்ல. 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவானது. அன்று வெள்ளத்தில் நின்றுபோன கார்களுக்குள் சிக்கி மூச்சுத்திணறி இறந்தவர்கள் உண்டு. சென்ட்ரல் லாக்கும் பவர் விண்டோவும் செயலிழந்ததால் வெளியேற முடியாமல் போனது அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. 2017 ஆகஸ்ட் 29 பெருமழையில், வடாலாவுக்குப் பக்கத்திலேயே உள்ள சயான் காந்தி மார்க்கெட் பகுதியில், தண்ணீரில் நின்ற காருக்குள் ஒருவர் இறந்து கிடந்தார். கிங்ஸ் சர்க்கிள், ஹிந்த்மாதா, காந்தி மார்க்கெட் என்று மழைக்காலச் செய்திகளில் தண்ணீர் தேங்கும் இடங்களாக ஆண்டுதோறும் வரும் பெயர்கள் எல்லாம் வடாலாவைச் சுற்றியே இருக்கின்றன.

ஒரு மீட்டர் அகலமுள்ள கதவுக்கு வெளியே அரை மீட்டர் உயரம் தண்ணீர் நின்று, காருக்குள் தண்ணீர் இல்லாமலிருந்தால், கதவின் மேல் ஏறத்தாழ 125 கிலோ எடைக்கு ஈடான அழுத்தம் விழுகிறது. தண்ணீர் ஏற ஏற இது பல மடங்காகும். அதனால் தண்ணீர் கதவின் அடிப்பகுதியைத் தொட்டதுமே, மின்சாரம் வேலை செய்துகொண்டிருக்கும்போதே, கண்ணாடியை இறக்கிவிட வேண்டும். மழை உள்ளே அடிக்குமே என்று தயங்குவதுதான் ஆபத்து. இறங்கவில்லையென்றால் பக்கக் கண்ணாடியை உடைப்பதே வழி. பெரும்பாலான கார்களின் பக்கக் கண்ணாடி சூடேற்றிக் கடினமாக்கப்பட்டது. அதன் நடுப்பகுதியில் அடித்தால் அசையாது. மூலையில், விளிம்பை ஒட்டி, கூர்மையான எஃகு முனையால் அடித்தால் சிறு சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும். முன்பக்கக் கண்ணாடி அப்படி உதிராது, நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. சில புதிய கார்களில் பக்கக் கண்ணாடியும் அந்த வகையாகவே வருவதால், கண்ணாடியின் மூலையில் பொறித்திருக்கும் குறிப்பை முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்வது நல்லது. இதற்கென்றே விற்கும் சிறு சுத்தியல் ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். டிக்கிக்குள் கிடக்கும் சுத்தியல் எதற்கும் உதவாது.

மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சியாக ஓடிய பிரீமியர் பத்மினிக்கு இந்தச் சிக்கல் இருந்ததில்லை. கதவில் ஒரு கைப்பிடி; சுற்றினால் கண்ணாடி இறங்கும், பேட்டரி செத்துப்போனாலும் இறங்கும். 2023 அக்டோபர் இறுதியோடு அந்த டாக்சிகள் சாலையிலிருந்து விடைபெற்றன. இன்று வாடகை வண்டியிலும் சொந்த வண்டியிலும் கண்ணாடி பெரும்பாலும் மின்சாரத்தை நம்பியே இருக்கிறது. ஆகவே பழுதை அடையாளம் காணத் தெரிந்திருப்பது ஓட்டுநருக்கும் பயணிக்கும் தேவைப்படுகிறது.

சோதனையைத் தொடங்க எந்தக் கருவியும் வேண்டாம், காது போதும். சாவியை ஆன் நிலையில் வைத்து, ரேடியோவையும் ஏ.சி.யையும் நிறுத்திவிட்டு, ஸ்விட்சை அழுத்தியபடி கதவில் காதை வைத்துக் கேட்க வேண்டும். மோட்டார் சுற்றும் இரைச்சல் கேட்டும் கண்ணாடி அசையவில்லையென்றால் மின்சாரத்தில் குறையே இல்லை. ரெகுலேட்டரின் கம்பி அறுந்திருக்கிறது, அல்லது கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் உடைந்திருக்கிறது. கடகடவென்று பல் நழுவும் ஓசை வந்தாலும் காரணம் ரெகுலேட்டர்தான். ஒரே ஒரு ‘டக்’ ஒலி மட்டும் கேட்டு அடங்கிவிட்டால் மோட்டாருக்கு மின்சாரம் வருகிறது, ஆனால் ஏதோ ஒன்று அதைச் சுற்றவிடாமல் இறுக்கிப் பிடித்திருக்கிறது. எந்தச் சத்தமும் இல்லையென்றால் ஃபியூஸ், ஸ்விட்ச், வயர், மோட்டாரின் உட்பகுதி ஆகிய நான்கையும் சந்தேகிக்கலாம்.

சத்தம் வராதபோது இன்னொரு எளிய சோதனை உண்டு. இருட்டிய பிறகு காருக்குள் கூரை விளக்கைப் போட்டு, இன்ஜினை இயக்காமல், ஸ்விட்சை அழுத்திப் பார்க்க வேண்டும். விளக்கு லேசாக மங்கினால் மின்சாரம் மோட்டார் வரை போய் அங்கே முட்டிக்கொண்டு நிற்கிறது. மோட்டாரோ ரெகுலேட்டரோ சிக்கியிருக்கிறது. விளக்கில் சலனமே இல்லையென்றால் மின்சாரம் பாதி வழியிலேயே நின்றுவிட்டது என்று பொருள். அனுபவமுள்ள ஆட்டோ எலெக்ட்ரீஷியன்கள் மீட்டரை எடுப்பதற்கு முன்பே இதைக் கவனித்துவிடுவார்கள்.

அடுத்த கேள்வி, எத்தனை கண்ணாடிகள் நின்றுவிட்டன என்பது. நான்கும் ஒரே நேரத்தில் நின்றிருந்தால் நான்கு மோட்டார்களும் ஒன்றாகக் கெட்டிருக்க வாய்ப்பே இல்லை. பொது ஃபியூஸ், ரிலே, அல்லது மாஸ்டர் ஸ்விட்சுக்கு வரும் மின்சாரமும் எர்த்தும்தான் காரணம். ஓட்டுநர் கண்ணாடி வேலை செய்து மற்றவை மட்டும் அந்தந்தக் கதவு ஸ்விட்சுக்கு அசையவில்லையென்றால், முதலில் மாஸ்டர் ஸ்விட்சில் இருக்கும் லாக் பொத்தானைப் பார்க்க வேண்டும். குழந்தைகள் கண்ணாடியை இயக்காமலிருக்க வைத்த பொத்தான் அது; துணியால் துடைக்கும்போதோ முழங்கை பட்டோ அழுந்திவிடும். இதை அறியாமல் ஒர்க்‌ஷாப் வரை போகிறவர்கள் உண்டு.

ஒரே ஒரு கண்ணாடி மட்டும் நின்றிருந்தால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பின்பக்க இடது கண்ணாடி தன் ஸ்விட்சுக்கு இயங்காமல் மாஸ்டர் ஸ்விட்சுக்கு இயங்கினால் கெட்டது அந்தக் கதவின் ஸ்விட்ச். மோட்டார் நலமாக இருக்கிறது. தன் ஸ்விட்சுக்கு இயங்கி மாஸ்டருக்கு இயங்காவிட்டால் குறை மாஸ்டரில். இரண்டுக்கும் இயங்காவிட்டாலும் மாஸ்டரைக் கணக்கிலிருந்து நீக்கிவிட முடியாது. பெரும்பாலான பழைய வடிவமைப்புகளில், பின்கதவு மோட்டாருக்கு வேண்டிய எர்த் ஓட்டுநர் கதவின் மாஸ்டர் ஸ்விட்ச் வழியாகவே கிடைக்கிறது. ஆக, கெட்டுப்போன மாஸ்டர் ஸ்விட்ச் எங்கோ பின்னால் இருக்கும் கண்ணாடியையும் முடக்கிவிடும். பின்கதவைப் பிரித்துப் போட்டு, நல்ல மோட்டாரைக் கழற்றி, புதிதை மாட்டியும் கண்ணாடி அசையாமல் ஏமாறுவது இதனால்தான்.

மாஸ்டர் ஸ்விட்ச் மற்றவற்றைவிடச் சீக்கிரம் கெடுவதற்கும் காரணம் தெளிவு. அதிகம் அழுத்தப்படுவது அதுதான். மழையில் கண்ணாடியை இறக்கி வழி கேட்கும்போதும் பார்க்கிங் சீட்டு வாங்கும்போதும் நேராக நனைவதும் அதுதான். கைப்பிடி மேல் படுத்திருக்கும் அதன் பொத்தான் இடுக்குகளில் தண்ணீரும் தேநீரும் தூசியும் இறங்கும். சுத்தம் செய்வது கடினமல்ல. ஸ்விட்ச் தொகுதியைக் கிளிப் உடையாமல் நெம்பி எடுத்து, கனெக்டரைக் கழற்றி, காண்டாக்ட் கிளீனர் அடித்து, பொத்தானைப் பலமுறை ஏற்றி இறக்கி, நன்றாகக் காய்ந்த பின் மாட்ட வேண்டும். செம்புத் தொடுமுனை கருகியிருந்தால் மிக மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாம். முனையே தேய்ந்துபோயிருந்தால் புதிய ஸ்விட்ச்தான். ஸ்விட்சை எண்ணெயில் நனைப்பது மட்டும் கூடாது. சில நாள் வேலை செய்யும், பிறகு அந்த எண்ணெயே புழுதியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

ஃபியூஸ் பெட்டி டேஷ்போர்டுக்குக் கீழே ஒன்றும் இன்ஜின் அறையில் ஒன்றுமாக இருக்கும். எந்த எண் பவர் விண்டோவுக்குரியது என்பது மூடியின் உட்பக்கத்திலோ கார் கையேட்டிலோ எழுதியிருக்கும். அளவு பொதுவாக 20 முதல் 30 ஆம்பியர். எரிந்த ஃபியூஸுக்குப் பதில் அதே ஆம்பியர் ஃபியூஸையே போட வேண்டும். கூடுதல் அளவில் போடுவதும், வயரைச் சுற்றிச் சொருகுவதும் கதவுக்குள் தீப்பிடிக்க வழி செய்யும். புது ஃபியூஸ் உடனே எரிந்தால் எங்கோ வயர் உரிந்து காரின் உலோக உடலில் படுகிறது. கண்ணாடி மேலே முட்டும்போது மட்டும் எரிந்தால் மோட்டார் சிக்கி அளவுக்கு மீறி இழுக்கிறது.

ஃபியூஸ் நன்றாக இருந்து, ஸ்விட்சும் நன்றாக இருந்து, கண்ணாடி ஒரு நாள் வேலை செய்து மறுநாள் நிற்கிறதா? கதவை முழுவதும் திறந்து, கதவுக்கும் காரின் உடலுக்கும் நடுவே கீல் பக்கம் உள்ள ரப்பர் குழாயைப் பார்க்க வேண்டும். கதவுக்குப் போகும் எல்லா வயர்களும் அதற்குள்தான் ஓடுகின்றன. கதவு திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் அவை மடங்கி நிமிர்கின்றன. ஆண்டுக்கணக்கில் மடங்கினால் செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, வெளியே ரப்பர் உறை மட்டும் முழுசாகத் தெரியும். நாள் முழுக்க ஆட்கள் ஏறி இறங்கும் வாடகை வண்டிகளில் இது இன்னும் விரைவாக நேரும். ஸ்விட்சை அழுத்தியபடியே கதவை மெல்ல ஆட்டும்போது கண்ணாடி விட்டுவிட்டு நகர்ந்தால் பழுது இங்கேதான். அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழை வரைதான் தாங்கும். கொஞ்சம் நீளமான புதிய வயர்த் துண்டை வைத்து, இணைப்புகள் மடியும் இடத்துக்கு வெளியே வரும்படி சால்டர் செய்து, வெப்பத்தில் சுருங்கும் குழாய் போர்த்த வேண்டும்.

இதற்கு மேல் போக வேண்டுமானால் கதவின் உட்பக்க உறையான டோர் பேடைக் கழற்றியாக வேண்டும். கைப்பிடிக்குள்ளும் மூடிகளுக்கு அடியிலும் ஒளிந்திருக்கும் ஸ்க்ரூக்களை முதலில் எடுத்து, விளிம்பில் உள்ள பிளாஸ்டிக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவித்து, பேடை மேல்நோக்கித் தூக்க வேண்டும். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் வெறும் உறை என்று நினைத்து அவசரத்தில் கிழித்தெறிவது வழக்கமாகிவிட்டது. மழைத் தண்ணீர் டோர் பேடுக்கும் இருக்கைக்கும் வராமல் கதவுக்குள்ளேயே கீழே வடிய வைப்பது அந்தத் தாள்தான். மும்பை மழையில் தரை மேட் நனைந்து நாறுகிற பல கார்களில் பழைய கண்ணாடி வேலை ஒன்றின்போது இந்தத் தாள் போய்விட்டிருக்கும். மெதுவாக உரித்து எடுத்து, வேலை முடிந்ததும் பியூட்டைல் டேப்பால் முழு விளிம்பையும் திரும்ப ஒட்ட வேண்டும்.

மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, அதில் மீட்டரை வைத்து, உதவிக்கு இருப்பவர் ஸ்விட்சை அழுத்த வேண்டும். ஏற்றும் திசையில் 12 வோல்ட் அளவும், இறக்கும் திசையில் அதே அளவு எதிர்க்குறியோடும் காட்டினால் வயரிங் பெரும்பாலும் சரி. இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நூலளவு ஓர் இழை மட்டும் அறுபடாமல் மிஞ்சியிருந்தாலும் மீட்டர் முழு வோல்ட்டைக் காட்டிவிடும். ஆனால் மோட்டார் கேட்கும் 5, 10 ஆம்பியரை அந்த இழையால் சுமக்க முடியாது. ஹெட்லைட் பல்பு ஒன்றை இரு முனைகளுக்கு நடுவே இணைத்தால் உண்மை தெரியும்: பல்பு பளிச்சென்று எரிந்தால் வயர் நல்லது, மங்கினால் எங்கோ அரிப்பு. பல்பு எரிந்தும் மோட்டார் அசையாவிட்டால், பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த இரண்டு வயர்களை நேரே மோட்டாருக்குக் கொடுத்துப் பார்க்கலாம். அப்போதும் சுற்றாமல், மோட்டார் உடலில் ஸ்க்ரூடிரைவர் பிடியால் லேசாகத் தட்டியதும் சுற்றினால் பிரஷ் ஒட்டியிருக்கிறது. அந்த மோட்டார் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான். கண்ணாடியைத் தொடர்ந்து ஏற்றி இறக்கிய பிறகு மோட்டார் நின்றுபோனால் பதற வேண்டாம். சூடேறியதும் மின்சாரத்தைத் தானாகத் துண்டிக்கும் காப்பு பெரும்பாலான மோட்டார்களுக்குள் இருக்கிறது. ஆறியதும் திரும்ப இயங்கும்.

கதவுக்குள் கையை விடுமுன் ஃபியூஸைக் கழற்றிவிட வேண்டும், கண்ணாடியை மேலே நிறுத்திக் கதவுச் சட்டத்தோடு வலுவான டேப்பால் ஒட்டிவிட வேண்டும். கத்தரிக்கோல் போல மடியும் பழைய வகை ரெகுலேட்டரில் வலுவான சுருள்வில் இருக்கும். மோட்டாரை அதிலிருந்து விடுவித்த கணத்தில் இரும்புக் கை சட்டென்று சுழன்று விரலை நசுக்கிவிடும். புதிய கார்களில் இருக்கும் கம்பி வகையில் அந்த ஆபத்துக் குறைவு, ஆனால் ஆயுளும் குறைவு. சிறு பிளாஸ்டிக் கப்பிகள் வெயிலில் நொறுங்குகின்றன. கம்பி பிரிந்து உருளையில் சிக்குகிறது. இதில் கம்பியை மட்டும் மாற்றும் ஒட்டுவேலை அரிதாகவே நிலைக்கிறது. மெக்கானிக்குகள் ‘மெஷின்’ என்று சொல்லும் முழு ரெகுலேட்டரையும் மாற்றுவதே நல்லது.

குர்லா சி.எஸ்.டி. சாலையின் பழைய பாகக் கடைகளில் இத்தகைய மெஷின்களும் மோட்டார்களும் கிடைக்கும். பழையது வாங்குவதில் தவறில்லை, இரண்டு விஷயங்களைக் கவனித்தால் போதும். இடது கதவின் பாகம் வலது கதவுக்குப் பொதுவாகப் பொருந்தாது, எனவே கழற்றிய பாகத்தைக் கையோடு கொண்டுபோய் ஒப்பிட வேண்டும். கடையிலேயே பேட்டரி கொடுத்து இரு திசையிலும் ஓடவிட்டுக் கேட்க வேண்டும். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியிலிருந்து வந்த மோட்டார் கரகரக்கும், உடலில் வெள்ளைப் படிவம் இருக்கும். பழைய காரையே வாங்குகிறவர்களும், வடாலாவிலுள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் பெயர் மாற்றத்துக்குக் காகிதம் கொடுக்கும் முன், நான்கு கண்ணாடிகளையும் முழுமையாக இறக்கி ஏற்றிப் பார்ப்பது நல்லது. நான்கும் தயங்கித் தயங்கி ஏறினால் அந்த வண்டி ஒரு முறை தண்ணீர் குடித்திருக்கலாம்.

மெதுவாக ஏறும் கண்ணாடிக்குப் பெரும்பாலும் மோட்டார் காரணமல்ல, அது ஓடும் தடமே காரணம். கண்ணாடியின் இரு பக்கமும் உள்ள ரப்பர் தடத்தில் புழுதி படிந்து காய்ந்துவிடுகிறது. ஈரத்துணியைச் சுற்றிய தட்டையான குச்சியால் அதைத் துடைத்து, சிலிக்கான் ஸ்பிரே அடித்தால் பாதிப் பழுதுகள் அங்கேயே தீரும். கிரீஸும் இன்ஜின் ஆயிலும் ரப்பரை ஊதவைத்துக் கெடுக்கும். கிரீஸ் ரெகுலேட்டரின் உலோகத் தடத்துக்கு மட்டுமே. கறுப்பு ஃபிலிம் ஒட்டிய கண்ணாடியில் ஃபிலிமின் விளிம்பு உரிந்து பீடிங்கில் சிக்குவதும் உண்டு. அத்தகைய ஃபிலிமை உச்ச நீதிமன்றம் 2012 ஏப்ரல் 27 தீர்ப்பில் தடை செய்துவிட்டதால், உரித்தெடுப்பதே இரு வகையிலும் சரி.

கண்ணாடி கீழேயே நின்றுவிட்டு மழையும் பிடித்துக்கொண்டால், ஒருவர் ஸ்விட்சை ஏற்றும் திசையில் அழுத்திக்கொண்டிருக்க, இன்னொருவர் இரு உள்ளங்கைகளாலும் கண்ணாடியின் உள்ளும் வெளியும் பிடித்து மேலே தள்ளலாம். மோட்டார் பலவீனமாக இருந்தால் இந்த உதவியில் ஏறிவிடும். கம்பி அறுந்திருந்தால் கண்ணாடி கையோடு வரும். அதைச் சட்டத்தோடு டேப் போட்டு நிறுத்தலாம். மோட்டார் அடியோடு நின்றிருந்தால் அதன் திருகுப்பல் கண்ணாடியை அசையவிடாது, பலம் காட்டினால் கிளிப்தான் உடையும். அப்போது பிளாஸ்டிக் தாளால் மூடி ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோக வேண்டியதுதான்.

புதிய கார்களில் ஸ்விட்ச் நேரடியாக மோட்டாரை ஓட்டுவதில்லை. அது ஒரு கணினிப் பெட்டிக்குச் செய்தி அனுப்புகிறது, பெட்டி மோட்டாரை இயக்குகிறது. இவற்றில் வயரை ஊகத்தில் இணைத்துப் பார்ப்பது பெட்டியையே எரித்துவிடும். ஸ்கேனர் உள்ள இடத்தில் பார்ப்பதே பாதுகாப்பு. ஒரே தொடுதலில் தானாக ஏறும் வசதி பேட்டரியைக் கழற்றி மாட்டிய பிறகு காணாமல் போனால் அது பழுதல்ல, மோட்டார் தன் மேல் எல்லையை மறந்திருக்கிறது. கண்ணாடியை முழுதும் ஏற்றி, ஸ்விட்சை அதே திசையில் சில விநாடிகள் பிடித்திருந்தால் பல கார்களில் நினைவு திரும்பும். சரியான முறை கையேட்டில் இருக்கும். திரும்பியதும், குழந்தையின் கை நடுவில் வந்தால் கண்ணாடி பின்வாங்குகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கையை வைத்துப் பார்க்கக் கூடாது. சுருட்டிய செய்தித்தாளைக் கண்ணாடிக்கும் சட்டத்துக்கும் நடுவே நீட்டி ஏற்றினால், நல்ல நிலையில் உள்ள கண்ணாடி அதைத் தொட்டதும் நின்று கீழே இறங்கும்.